நமுத்துப்போன புஸ்வாணமும் எங்கள் தெருத் தீபாவளியும்

2019 தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தது, அக்டோபர் 27. ஒரு லீவு வீணாகப் போச்சே என்று அலுத்துக்கொண்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி. அன்று ராத்திரி ஏழேகால் மணிக்கு என் அக்கா மகன் கையைச் சுட்டுக்கொண்டான். அணுகுண்டு இல்லை, ராக்கெட் இல்லை, வீட்டில் யாருமே பயப்படாத புஸ்வாணம்.

எங்கள் வீடு சென்னையில் அயனாவரம் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. ஒரு கார் உள்ளே வந்தால் எதிரே வருகிற பைக் ஓரங்கட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். ஐப்பசி மாசம், மழைக்காலம். பட்டாசுப் பையை பால்கனியில் வைத்திருந்தோம், இரண்டு நாள் முன்னால் அடித்த சாரலில் பெட்டிகள் நனைந்துவிட்டன. மொட்டை மாடியில் பேப்பர் விரித்து ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்தோம். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. உள்ளே மருந்து நமுத்தே இருந்திருக்கிறது. பையன் பற்றவைத்தான், உஸ்ஸென்று கொஞ்சம் புகை வந்து அடங்கிவிட்டது. பத்து வினாடி நின்று பார்த்தான். "பிடிக்கலை சித்தி" என்று சொல்லிக்கொண்டே கிட்டே போய்க் குனிந்து ஊதுபத்தியைத் திரும்ப வைத்தான். அது பூவாக எழும்பவில்லை, வெடித்தது.

அவனுக்கு அப்போது பதினொரு வயசு. உள்ளங்கையும் மணிக்கட்டும் வெந்துபோச்சு, வலது புருவம் பொசுங்கிவிட்டது. கண் தப்பியதற்கு ஒரே காரணம் மூக்குக்கண்ணாடி. ஸ்கூலில் சோடாபுட்டி என்று கேலி செய்கிறார்கள் என்று அதைப் போடவே அடம்பிடிக்கிற பையன், அன்றைக்கு என்னவோ போட்டிருந்தான். கழற்றிப் பார்த்தபோது கண்ணாடி முழுக்கக் கரும்புள்ளிகள் பொரிந்திருந்தன.

அடுத்த ஐந்து நிமிஷம் நாங்கள் செய்தது எல்லாமே தப்பு. ஒருத்தர் மஞ்சள் என்றார், ஒருத்தர் இங்க் என்றார், யாரோ ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டியோடு ஓடி வந்தார்கள். நான் படித்தவள் அல்லவா, டூத்பேஸ்ட்டை அப்பினேன். அப்புறம்தான் ஆட்டோ. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தப் பேஸ்ட்டைத் துடைத்து எடுத்தபோது பையன் போட்ட சத்தம், வெடித்தபோது போட்ட சத்தத்தைவிடப் பெரிசு. டாக்டர் திட்டவெல்லாம் இல்லை. "வீட்டில் குழாய் இல்லையாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

ஆக, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சுட்டுக்கொண்டால் குழாயைத் திறந்து, சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம் கையைப் பிடிக்க வேண்டும். இருபது நிமிஷம் என்பது வலிக்கிற குழந்தையோடு நிற்கும்போது ரொம்ப நீளம், அதனால் போனில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், வாட்ச், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்னாலேயே கழற்றிவிட வேண்டும். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம். துணி ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கக் கூடாது. சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றிக் கூட்டிப்போக வேண்டும். கண்ணில் பட்டால் தேய்க்கக் கூடாது. தூள் விழுந்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவலாம், ஆனால் ஏதாவது குத்தியிருந்தாலோ ரத்தம் வந்தாலோ கழுவாமல், அழுத்தாமல், ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து மூடிக்கொண்டு நேராகக் கண் ஆஸ்பத்திரிதான். எங்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை கிட்டே. தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் இருக்கிறது, கூப்பிடு தூரம், அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரவில்லை. இப்போது இந்த விவரத்தோடு 108, 101 இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். போனில் இருக்கிறதே என்பார் என் வீட்டுக்காரர். பதற்றத்தில் போனுடைய லாக்கே திறக்காது.

சரி, தெரு கதைக்கு வருகிறேன்.

2018-இல்தான் நேரக் கட்டுப்பாடு வந்தது என்பது நினைவிருக்கும். அந்த வருஷம் அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு ராத்திரி 8 முதல் 10 வரைதான் வெடிக்கலாம் என்றது. வடக்கே சரி, அவர்களுக்கு ராத்திரிதான் பண்டிகை. நமக்கு விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் விழுங்கி, புதுத்துணி போட்ட கையோடு முதல் வெடி வெடித்தால்தானே தீபாவளி? தமிழ்நாடு அரசு கோர்ட்டில் கேட்டது. மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் எந்த நேரம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று அந்த மாதம் 30-ஆம் தேதி அனுமதி கிடைத்தது. அதனால்தான் காலை 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8. ஆறு மணிக்கு முன்னால் எழுந்து வெடித்துத் தெருவையே எழுப்பினால்தான் பெருமை என்று வளர்ந்தவர்களுக்கு இது ரொம்பக் கசந்தது. எங்கள் அப்பா இன்னும் புலம்புவார்.

அதே தீர்ப்பில் பலர் கவனிக்காத சங்கதிகள் இருக்கின்றன. சரவெடி கூடாது. பேரியம் உப்பு கலந்த பட்டாசு கூடாது (பச்சை நிறம் தருவது அதுதான்). ஆன்லைன் விற்பனை கூடாது. பசுமைப் பட்டாசு மட்டும். இதில் சரவெடித் தடையை எங்கள் தெரு எந்த வருஷமும் முழுசாகக் கடைப்பிடித்ததில்லை, எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

பசுமைப் பட்டாசு என்றால் புகையே வராது என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்பினார்கள். அப்படி இல்லை. நாக்பூரில் இருக்கிற நீரி என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் தயாரித்துக் கொடுத்த கலவை அது, பழைய பட்டாசைவிடத் தூசும் புகையும் சுமார் 30 சதவீதம் குறையும், அவ்வளவுதான். பெட்டியில் பச்சை முத்திரையும் க்யூஆர் கோடும் இருக்கும். 30 சதவீதம் குறைந்தால் மிச்சம் 70 இருக்கிறது. எதிர்வீட்டு மாடியில் வீசிங் உள்ள தாத்தா ஒருவர் இருக்கிறார், அவருக்கு அந்த எழுபதே போதும்.

அந்தத் தாத்தாவை வைத்துத்தான் 2021-இல் சண்டை வந்தது. ராத்திரி எட்டரை தாண்டியும் வெடி நிற்கவில்லை. அவர் நெபுலைசர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் மகன் 100-க்கு போன் போட்டுவிட்டார். போலீஸ் வந்து இரண்டு பையன்களின் பெயரை எழுதிக்கொண்டு எச்சரித்துவிட்டுப் போனார்கள். வழக்கு போடவில்லை. போட்டிருக்கலாம், அரசு உத்தரவை மீறியதாக அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 188, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 223. கல்லூரிப் படிப்பில் இருக்கிற பையன்கள் மேல் எஃப்ஐஆர் விழுந்தால் அப்புறம் பாஸ்போர்ட், வேலை என்று எத்தனை இடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்? அந்தப் பையன்களின் அம்மாவும் தாத்தா வீட்டு மருமகளும் பொங்கல் வரை பேசிக்கொள்ளவில்லை. அதே ராத்திரி எங்கிருந்தோ வந்த ராக்கெட் ஒன்று மூன்றாம் வீட்டு அண்ணன் காரின் கவரில் விழுந்து, கவர் உருகி எரிந்து, பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர் வரை போய்விட்டது. மண் வாளி ஒன்றுகூட இல்லை. மோட்டார் போட்டு ஹோஸ் இழுத்து அணைப்பதற்குள் அண்ணனுடைய பம்பர் போய்விட்டது.

இதற்கு அந்த அண்ணனும் அடுக்குமாடிச் செயலாளரும் கண்டுபிடித்த வழி, "இந்தத் தெருவில் பட்டாசு வெடிக்கத் தடை" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டுவது. பிள்ளைகள் சரியாக அந்த நோட்டீஸுக்குக் கீழேயே வைத்து வெடித்தார்கள்.

2022-இல் நாங்கள் ஐந்தாறு பெண்கள் வேறு மாதிரி முயன்றோம். ஏன் பெண்கள் என்றால், ஆண்கள் கூடிப் பேசினால் அது பார்க்கிங் சண்டையில்தான் போய் முடியும், எங்கள் தெரு வரலாறு அப்படி. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வீடு வீடாகப் போனோம். வெடிக்காதீங்க என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. உங்க வீட்ல கைக்குழந்தை இருக்கா, வயசானவங்க இருக்காங்களா, நாய் இருக்கா, எத்தனை பிள்ளைங்க வெடிப்பாங்க, இதை மட்டும் கேட்டோம். கேட்டு எழுதிக்கொண்டே வந்தபோது, தெருவின் நடுப்பகுதியில் பத்து வீட்டுக்குள் நான்கு வயசானவர்கள், ஒரு பிரசவமான பெண், இரண்டு நாய் என்று தெரிந்தது. நாங்கள் வருஷா வருஷம் வெடித்தது சரியாக அந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் தெரிந்தது. தெருமுனையில் ஒரு சின்ன மருத்துவமனை இருக்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை வெடிக்கக் கூடாது. போன் மேப்பில் அளந்து பார்த்தால் தெருவில் பாதி அந்த 100 மீட்டருக்குள் வந்துவிடுகிறது! இருபது வருஷமாகக் குடியிருக்கிறோம், ஒருத்தருக்கும் தெரியாது.

மறுகோடியில் ஒரு காலி மனை. உரிமையாளர் ஆவடியில் இருக்கிறார், போன் செய்து கேட்டதும் சரி என்றுவிட்டார், குப்பையைச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இரண்டு நாள் முன்னாலேயே காய்ந்த புல்லையும் செடியையும் வெட்டி எடுத்தோம். மனைக்குள் ஒரு தென்னை மரம் இருந்தது. அதன் காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் ஆள் விட்டு இறக்கினோம். இது வேண்டாத வேலை என்று சிலர் சொன்னார்கள், ராக்கெட் போய்க் கொண்டையில் உட்கார்ந்தால் எந்த ஹோஸும் எட்டாது என்பதைப் பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து சொன்னபிறகு வாயை மூடிக்கொண்டார்கள். ராக்கெட்டே வேண்டாம் என்பதுதான் என் கட்சி, அதில் தோற்றேன். நேராக நிமிர்த்தி மண்ணில் பாதி புதைத்த கனமான பாட்டிலில் மட்டும், அதுவும் ஒரு பெரியவர் நிற்கும்போது மட்டும் என்று சமாதானமானோம்.

ரொம்பக் கஷ்டப்பட்டது கார்களை நகர்த்தத்தான். வண்டியை எடுத்தால் இடம் போய்விடும் என்ற பயம் சென்னையில் எல்லாருக்கும் உண்டு. மூன்றாம் வீட்டு அண்ணன்தான் முதலில் எடுத்தார், அவருக்குத்தான் பம்பர் ஞாபகம். எடுக்க முடியாதவர்கள் கவரையாவது கழற்றி வைத்தார்கள். வெறும் காரின் மேல் பொறி விழுந்தால் ஒரு புள்ளி விழும், கவர் மேல் விழுந்தால் அது தீப்பந்தம்.

மனையில் நாங்கள் வைத்தது இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், நனைத்த கோணிச் சாக்கு, வாய் அகலமான ஒரு பழைய பெயிண்ட் டப்பா. டப்பா எதற்கென்றால் எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பிக்கு. அது எங்கள் தெருவின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்றே சொல்வேன். கம்பி மத்தாப்பு ஆயிரம் டிகிரிக்கும் மேல் எரியும். கொதிக்கிற ரசத்தின் பக்கமே விடாத மூன்று வயசுக் குழந்தையின் கையில் அதைத்தான் சிரித்துக்கொண்டே கொடுக்கிறோம், எரிந்து முடிந்ததும் கம்பியைத் தரையில் போடுகிறோம், இருட்டில் வெறுங்காலோடு அடுத்த குழந்தை அதை மிதிக்கிறது. டப்பாவில் பாதித் தண்ணீர் ஊற்றி வைத்தால் கம்பியைப் போடும்போது சொய்ங் என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் ஓடி வந்து போடுகிறார்கள். சொல்லிச் சொல்லி ஆகாதது இதில் ஆகிவிட்டது.

துணி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். வெடிக்க வரும்போது காட்டன். புதுப் பாவாடையும் நைலான் துப்பட்டாவும் போட்டோ எடுத்தபின் உள்ளே போய்விட வேண்டும். கொலுசு போட்டாலும் காலில் செருப்பு வேண்டும், ஷூ என்றால் இன்னும் நல்லது. தலை முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். பவர் இல்லாவிட்டாலும் ஒரு சாதாரணக் கண்ணாடி. சானிடைசர் தடவிய கையோடு ஊதுபத்தியைத் தொடக் கூடாது, 2020-இல் எல்லார் பையிலும் அது இருந்ததே. பற்றவைக்கும்போது நீளமான ஊதுபத்தி, திரியில் சுற்றிய பேப்பரை முழுசாகப் பிரித்துவிட்டு, முகத்தை நேர் மேலே கொண்டுபோகாமல் பக்கவாட்டில் கையை நீட்டி வைக்க வேண்டும். வெடியைக் கையில் பிடித்து வீசுவது, சட்டைப்பையில் போட்டுக்கொள்வது, கொட்டாங்கச்சியையோ டப்பாவையோ கவிழ்த்து வெடிப்பது, மூன்றுக்கும் உடனே வீட்டுக்குப் போ என்பதுதான் தண்டனை. மருந்தைப் பிரித்துக் கொட்டிக் கொளுத்துகிற விஞ்ஞானிகள் எல்லாத் தெருவிலும் ஒருத்தன் இருப்பான். எங்கள் தெருவில் அவனையே மணல் வாளிக்குப் பொறுப்பாளி ஆக்கினோம், அந்த வேலையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தான்.

பிடிக்காத பட்டாசுக்குத் தனிச் சட்டம். திரும்பப் பற்றவைக்கக் கூடாது, கிட்டே போய் எட்டிப் பார்க்கக் கூடாது, காலால் தட்டக் கூடாது. பெரியவர் ஒருவர் பதினைந்து இருபது நிமிஷம் கழித்து, தூரத்திலிருந்தே தண்ணீர் ஊற்றி, அப்புறம் எடுத்து வாளியில் போடுவார். எட்டு ரூபாய்ப் புஸ்வாணம் வீணாகிறதே என்று ஒரு பாட்டி வருத்தப்பட்டார். அக்கா மகனைக் கூப்பிட்டு உள்ளங்கையைக் காட்டச் சொன்னேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

வாங்குவதிலும் கொஞ்சம் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம். எங்கள் மாடியில் குடியிருக்கிற தம்பி, சிவகாசியிலிருந்து நேரடி விற்பனை, 80 சதவீதத் தள்ளுபடி என்று வந்த விளம்பரத்தை நம்பி ஆறாயிரம் ரூபாய் அனுப்பினான். பணமும் வரவில்லை, பட்டாசும் வரவில்லை, அந்த நம்பரும் இல்லை. இப்போதெல்லாம் உரிமத்தைக் கடையில் மாட்டி வைத்திருக்கிற இடத்தில்தான் வாங்குகிறோம். இன்னொரு உறவினர், ஊரிலிருந்து பொதிகையில் வருகிறீர்களே, வண்டி சிவகாசியில் நிற்கும்தானே, அங்கே உள்ளவரிடம் சொல்லி ஒரு பெட்டி ஏற்றிவிடச் சொல்லட்டுமா என்று கேட்டார். ரயிலில் பட்டாசு கொண்டுபோனால் ரயில்வே சட்டப்படி மூன்று வருஷம் வரை ஜெயில். ஓடுகிற வண்டியில் ஒரு பெட்டி பற்றினால் என்ன ஆகும் என்பதை நினைத்தால் அந்தத் தண்டனை ஒன்றும் அதிகமில்லை. வாங்கி வந்ததை வீட்டில் எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். பாதி வீடுகளில் பூஜை அறையில் சாமி படத்துக்குக் கீழே வைத்துப் படைக்கிறார்கள், பக்கத்திலேயே குத்துவிளக்கு எரிகிறது. படைக்க ஒரு பெட்டி போதும், அதையும் கும்பிட்ட உடனே எடுத்துவிடலாம். மிச்சத்தை அடுப்படிக்கும் மீட்டர் பெட்டிக்கும் பைக் நிற்கிற இடத்துக்கும் தள்ளி, ஈரமில்லாத இடத்தில் மூடி வைக்கலாம். பால்கனி மட்டும் வேண்டாம்.

நாய்களைப் பற்றிக் கடைசியாகத்தான் யோசித்தோம். வீட்டு நாயை ஜன்னல் இல்லாத அறையில், டிவியைச் சத்தமாக வைத்து, அதன் பழைய போர்வையோடு விட்டால் கொஞ்சம் அடங்குகிறது. தெரு நாய்கள் காருக்கு அடியில் போய்ப் பதுங்கும், மறுநாள் வண்டி எடுக்கும் முன்னால் குனிந்து பார்க்க வேண்டும், இதை அண்ணனே எல்லாருக்கும் சொன்னார்.

மறுநாள் குப்பை. முன்பெல்லாம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டித் தொட்டியில் தள்ளிவிடுவோம். பட்டாசுக் குப்பையை மாநகராட்சி தனியாக எடுத்து, அபாயகரமான கழிவுகளைக் கையாளும் கும்மிடிப்பூண்டி மையத்துக்கு அனுப்புகிறது. எங்கள் தெருவுக்கு வருகிற தூய்மைப் பணியாளர் அம்மா சொல்லித்தான் தெரியும். தனி மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் அவர் கையால் பிரிக்க வேண்டியதில்லை. வெடிக்காத வெடி ஒன்று துடைப்பத்தில் மாட்டும்போது வருகிற பயத்தை அவர் சொல்லிக் கேட்டால் நீங்களும் பிரித்துத்தான் கொடுப்பீர்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எட்டு மணிக்குப் பிறகும் பத்து நிமிஷம், கால் மணி என்று இழுக்கத்தான் செய்கிறார்கள். பக்கத்துத் தெருவில் பதினொரு மணிக்கு வானவெடி விடுகிறார்கள், அங்கே யாரிடம் போய்ப் பேசுவது என்று தெரியவில்லை. தாத்தாவை மட்டும் இரண்டு வருஷமாகத் தீபாவளி ராத்திரிக்கு அவர் மகள் கூட்டிப் போய்விடுகிறாள். புறப்படும்போது பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கேப் டப்பா கொடுத்துவிட்டுப் போகிறார்.

2024-இல் இரண்டு பெட்டி புஸ்வாணம் மிச்சமானது. கார்த்திகைக்கு விடலாம் என்று பரணில் போட்டு வைத்தோம். கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் சென்னையில் நல்ல மழை, பரண் சுவரில் ஓதம் இறங்கியிருந்தது, எடுத்துப் பார்த்தால் அட்டை மெத்தென்று இருக்கிறது. மறுநாள் வெயில் வந்தால் மாடியில் போட்டுக் காயவைக்கலாமே என்றார் என் மாமியார். நான் பதில் சொல்லவில்லை. அக்கா மகன், இப்போது பதினாறு வயசு, இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய் பாத்ரூம் வாளியில் முழுக்கிவிட்டு, மிதக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வந்தான்.